ஆறு நாழி

என் வீட்டுக்காரர் வேதமுத்து, பாளையங்கோட்டையில் மிஷன் பள்ளிக்கூடம் ஒன்றில் பூகோள வாத்தியார். பதினாறு வருஷமாக, ஒவ்வொரு ஆனி மாதமும் சுவர்ப்படத்தில் குச்சியை வைத்து, "தாமிரபரணி பொதிகை மலையில் உற்பத்தியாகிறது" என்று சொல்லிக்கொண்டிருந்தவர். ராஜா பட்டாபிஷேகம் நடந்த 1911-ஆம் வருஷம், அதே பள்ளிக்கூடத்து டிராயிங் மாஸ்டர் அப்பாத்துரை எங்கள் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டே ஒரு கேள்வி கேட்டார்.

"உற்பத்தி உற்பத்திங்கீரே, உற்பத்தியாகுத இடத்தை ஒரு நாளாவது பாத்திருக்கீரா வே?"

அப்பாத்துரைக்கு வாய் சும்மா இருக்காது. ஊரில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். என் வீட்டுக்காரர் சிரித்து மழுப்பியிருக்கலாம். ஆனால் காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு, "இந்தப் புரட்டாசி மிக்கேல்மாஸ் லீவுல பாத்துட்டு வந்து சொல்லுதேன் வே" என்றார்.

அந்த அவசரத்துக்குக் காரணம் எனக்கு அப்போது தெரியாது. உங்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அவருக்குக் கண் போய்க்கொண்டிருந்தது. ஒரு கண் ஏற்கெனவே போய்விட்டது. இருக்கிற கண்ணும் அவிவதற்குள் ஆறு பிறக்கிற இடத்தை ஒரு தடவை பார்த்துவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. அதை டாக்டரிடம் சொன்னவர் கட்டின பெண்டாட்டியிடம் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் முழுசாகத் தீரவில்லை.

பயணத் திட்டம் தடபுடலாக ஆரம்பமானது. சாயங்காலம் பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் அட்லஸையும் ஒரு நோட்டுப் புத்தகத்தையும் எடுத்துக்கொண்டு ஜன்னல் ஓரம் உட்கார்ந்துவிடுவார். கம்பளி, அரிக்கேன் விளக்கு, வார்ச்செருப்பு என்று பெரிய பெரிய எழுத்தாக எழுதுவார். ஒரு பக்கத்துக்கு நாலு வார்த்தைதான் கொள்ளும். காகிதத்தை இப்படி வீணாக்குகிறாரே என்று முணுமுணுத்தேனே தவிர, எழுத்து ஏன் பெரிதாயிற்று என்று எனக்குத் தோன்றவில்லை. நானும் ஒரு புத்திசாலிதான்.

என்னிடம் யோசனை ஒன்றும் கேட்கவில்லை. நான் மிஷனில் பைபிள் ஸ்திரீ. வாரத்தில் ஐந்து நாள், ஊர் ஊராகப் போய்ப் பெண்களுக்கு வேதம் வாசித்துக் காட்டுகிற வேலை. வெயிலோ மழையோ, ஒரு நாளைக்கு எட்டு மைலாவது நடப்பேன். அவர் வீட்டிலிருந்து பள்ளிக்கூடம் வரைக்கும் நடப்பார். மணி அடித்த பிறகு கிளம்பினாலும் போய்ச் சேர்ந்துவிடலாம், அவ்வளவு தூரம். ஆனாலும் மலைக்குப் போவது எப்படி என்று அவர்தான் எனக்குப் பாடம் எடுத்தார்.

அம்பாசமுத்திரத்தில் மந்திரமூர்த்தி என்று ஒரு தேன் வியாபாரி. மலைவாசிகளான காணிக்காரர்களோடு அவருக்குக் கொடுக்கல் வாங்கல் உண்டு. ஆறு பிறக்கிற பூங்குளத்துக்கு வழிகாட்ட ஒரு ஆள் வேண்டும், என்னென்ன கொண்டுவர வேண்டும் என்று இவர் அவருக்கு எழுதிக் கேட்டிருந்தார். ஆவணி கடைசியில் பதில் வந்தது. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய், கொஞ்சம் தள்ளி வைத்து, வாசித்தார்.

"கேட்டியா கெசியா! ஏறி எறங்க ஆறு நாழிகைதானாம்."

ஆறு நாழிகை என்றால் இரண்டரை மணி நேரம்கூட இல்லை. "பொதிகை அவ்வளவு கிட்டயா இருக்கு?" என்று கேட்டேன்.

"நீ வேதத்தைப் பாரு. பூகோளத்தை நான் பாக்கேன்."

அவ்வளவுதான், திட்டம் முடிந்துவிட்டது. அம்பாசமுத்திரம் வரை ரயில். அங்கிருந்து பாபநாசத்துக்கு மாட்டுவண்டி. இரவு சத்திரத்தில் தங்கல். விடியக் கிளம்பினால் மத்தியானத்துக்குள் திரும்பிவிடலாம். சாப்பாட்டுக்குப் பத்து இட்லி, மிளகாய்ப்பொடி தடவி வாழையிலையில் கட்டினது. அட்லஸில் ஒரு நூலைப் பிடித்து அளந்திருந்தால் பாபநாசத்திலிருந்து பொதிகை எத்தனை மைல் என்று நாலாம் பாரத்துப் பையன்கூடச் சொல்லியிருப்பான். இவர் அளக்கவில்லை. நூலையும் கோட்டையும் பிரித்துப் பார்க்கிற கண் அவரிடம் இல்லை.

கிளம்புவதற்கு இரண்டு வாரம் முன்னால், வழிகாட்ட வருகிறவருக்கு இங்கிருந்து ஏதாவது வாங்கிக்கொண்டு போகலாமே, பேர் என்ன, குடும்பம் பெரிசா என்று பார்க்க அட்லஸுக்குள் இருந்த கடிதத்தை எடுத்தேன். அவர் பள்ளிக்கூடத்தில் இருந்தார்.

மந்திரமூர்த்தியின் கையெழுத்து முத்து முத்தாக இருந்தது. கணக்கெழுதிப் பழகின கை. முதல் இரண்டு வரி இப்படி:

"பூங்குளம் வரை ஏறி இறங்க
தங்களுக்கு ஆறு நாழிகை"

மூன்றாவது வரி, "க்குத்தல் வேண்டும்" என்று ஆரம்பித்தது.

கைக்குத்தல்! கைக்குத்தல் அரிசி! இடம் போதாமல் வார்த்தையை உடைத்து, 'கை'யை மேலே விட்டுவிட்டு மிச்சத்தை அடுத்த வரிக்குக் கொண்டுபோயிருந்தார் அந்த மனுஷர். அவர் கேட்டது ஆறு நாழி அரிசி. இவர் வாசித்தது ஆறு நாழிகை நேரம்.

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடுப்படியில் நின்று தனியாகச் சிரித்தேன். அப்பாத்துரை கேள்விப்பட்டால் ஒரு வருஷத்துக்கு வைத்துச் சிரிப்பாரே என்று நினைத்து இன்னொரு தடவை சிரித்தேன். பிறகு மிச்சத்தையும் வாசித்தேன்.

"ஆலை அரிசி மலைக்குளிருக்கு வயிற்றில் நிற்காது. தாங்கள், வழிகாட்டும் கொம்பையா, சுமையாள் ஒருவர் ஆக மூன்று பேருக்கு நாலு நாளைக்கு இது காணும். மூன்று ராத்திரியும் பாறைக்குகையில் தங்க வேண்டும். யானை உண்டு. அட்டைக்கு, புகையிலை ஊறின தண்ணீரைக் காலில் தடவிக்கொள்ளவும்."

சிரிப்பு நின்றுபோயிற்று. நாலு நாள் மலைக்குப் பத்து இட்லி! கடிதம் முழுவதும் தெளிவாகத்தான் இருந்தது. அதில் இரண்டு வரிக்கு மேல் அவர் வாசிக்கவே இல்லை.

சாயங்காலம் அவர் வந்ததும் கடிதத்தைக் கையில் கொடுத்தேன். "மூணாவது வரியை வாசிங்க."

"அதான் வாசிச்சாச்சே."

"எனக்காக இன்னொருக்க வாசிங்க."

ஜன்னலுக்குப் போனார். கிட்டே பிடித்தார். எட்டப் பிடித்தார். "என்ன எழுத்து இது, கோழி கிண்டுன மாதிரி" என்றார்.

"இஞ்சேருங்க, எழுத்து முத்து மாதிரி இருக்கு. உங்க கண்ணுக்கு என்ன?"

அவர் கடிதத்தை மடித்தார். மறுபடி பிரித்தார். மறுபடி மடித்தார். பிறகு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்.

"எடது கண்ணு சித்திரையிலயே போயிட்டு. வலது கண்ணு கிறிஸ்மஸைத் தாண்டாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. மருந்து கிடையாதாம்."

"எங்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீ மலைக்கு விடமாட்ட. பள்ளிக்கூடத்துல தெரிஞ்சா வேலை போயிரும். எப்பிடியும் போவத்தான் போவுது. அதுக்குள்ள ஒரே ஒருக்க பாத்துரணும் கெசியா. பதினாறு வருசமா பாக்காததைப் பாத்த மாதிரி சொல்லிக் குடுத்துட்டேன்."

நான் திட்டினேன். என்ன திட்டினேன் என்று இங்கே எழுத முடியாது. ஊருக்கு வேதம் வாசிக்கிறவள் நான். திட்டி முடித்த பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன். அழுதுவிட்டு வந்து பார்த்தால், அவர் நோட்டுப் புத்தகத்தை மூடி அட்லஸுக்கு அடியில் தள்ளிக்கொண்டிருந்தார். அதைப் பார்க்க எனக்குத் தாங்கவில்லை.

"எதுக்கு மூடுதீய?"

"போகாண்டாம்னுதான சொல்லப் போற?"

"யாரு சொன்னா? போறோம். நானும் வாரேன். சுமையாள் வேண்டாம்னு எழுதிருவோம். மூணு பேரு மூணு பேராவே இருக்கட்டும், ஆறு நாழி ஆறு நாழியாவே இருக்கட்டும்."

அன்றைக்கே மந்திரமூர்த்திக்கு எழுதிப்போட்டேன். நாலாம் நாள் பதில் வந்தது. கொம்பையா மூன்று நிபந்தனை சொல்லியிருந்தாராம். பொதிகை உச்சிக்குப் பெண்கள் போகிற வழக்கம் இல்லை; பூங்குளம் உச்சிக்குக் கீழே இருக்கிறது, அங்கே வரலாம். கருவாடு மலைக்கு ஆகாது. வழியில் உரக்கப் பேசக்கூடாது. முதல் இரண்டுக்கும் உடனே சம்மதித்தேன். மூன்றாவதைப் பற்றி இவர், "அது உன்னைப் பாத்துட்டு எழுதுன மாதிரில்லா இருக்கு" என்றார். அந்த இரண்டு வாரத்தில் அவர் சிரித்தது அன்றைக்குத்தான்.

பிறகு திட்டம் என் கைக்கு வந்தது. நோட்டுப் புத்தகத்தில் நான் எழுதினேன், அவர் சொன்னார். புழுங்கல் நெல்லை நானே குத்திப் புடைத்து ஆறு நாழி அளந்து பையில் கட்டினேன். கருப்பட்டி, சுக்கு, உப்பு, புகையிலை, தீப்பெட்டி நனையாமல் இருக்க மெழுகுத்துணி. அன்றாடம் அரிசி அளக்க வீட்டு நாழியையும் உள்ளே போட்டேன். கனம் என்றார். கைக்கணக்கில் போட்டால் நாலாம் நாள் பட்டினிதான் என்றேன்.

தினமும் காலையில் வண்ணார்பேட்டைப் பக்கம் ஆற்றங்கரையில் நடந்து பழகினோம். நான் முன்னால், அவர் என் தோளில் கட்டின வெள்ளைத் துண்டைப் பார்த்துக்கொண்டு பின்னால். 'கல்' என்றால் காலைத் தூக்க வேண்டும். 'குழி' என்றால் நிற்க வேண்டும். 'வேர்' என்றால் பக்கவாட்டில் வைக்க வேண்டும். முதல் நாள் நான் 'கல்' என்றதற்கு நின்றார், 'குழி' என்றதற்குக் காலைத் தூக்கினார். விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டார். ஒரு வாரத்தில் சரியாகிவிட்டது. எங்களைப் பார்த்த அப்பாத்துரை, "என்ன வே, வயசான காலத்துல டிரில்லா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவருக்கு நாங்கள் ஒன்றும் சொல்லவில்லை.

புரட்டாசியில் கிளம்பினோம். ரயில், வண்டி, சத்திரம் எல்லாம் அவர் போட்ட திட்டப்படியே நடந்தன. அதற்கு மேலே கொம்பையாவின் திட்டம். வாட்டசாட்டமான ஆள், அதிகம் பேசமாட்டார். இன்னும் எவ்வளவு தூரம் என்று கேட்டால், "ஒரு வெத்தலை தூரம்" என்பார். ஒரு வெற்றிலை மென்று துப்புகிற நேரமாம். அந்த மனுஷர் ஒரு வெற்றிலையை அரை நாள் மெல்லுவார் என்று போகப் போகத்தான் தெரிந்தது. நான் மூன்றாவது நிபந்தனையைக் காப்பாற்றினேன். கல், குழி, வேர் தவிர வாயைத் திறக்கவில்லை. அட்டை கடித்தபோதுகூடப் பல்லைக் கடித்துக்கொண்டேன். என் வீட்டுக்காரர் ஒரு தடவையும் விழவில்லை.

மூன்றாம் நாள் காலையில் கொம்பையா நின்றார். "இதுதான்" என்றார்.

மஞ்சு. கையை நீட்டினால் விரல் தெரியாத மஞ்சு. மரம் தெரியவில்லை, மலை தெரியவில்லை. எங்கேயோ தண்ணீர் சலசலக்கிற சத்தம் மட்டும் கேட்டது. கொஞ்ச நேரத்தில் விலகும் என்று உட்கார்ந்தோம். விலகவில்லை. வெயில் ஏறுகிற நேரமாகியும் விலகவில்லை. இனி இறங்கினால்தான் இருட்டுவதற்குள் குகைக்குப் போகலாம் என்று கொம்பையா சொல்லிவிட்டார்.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. மலைமேல், மஞ்சின்மேல், நியாயமாகப் பார்த்தால் ஆண்டவர்மேலும் கோபம். எனக்குத் தெரிவதை எல்லாம் அவருக்குச் சொல்ல வேண்டும் என்று மனசுக்குள் வார்த்தைகளைச் சேர்த்து வைத்துக்கொண்டு ஏறியிருந்தேன். அத்தனையும் வீண்.

"என்ன தெரியுது கெசியா?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் நினைத்தேன். நீலமாக ஒரு குளம், சுற்றிலும் பூ என்று சொன்னால் சந்தோஷப்படுவார். ஆனால் பார்க்காததைச் சொல்லிக் கொடுத்ததற்குத்தானே அவர் இவ்வளவு தூரம் வந்திருக்கிறார்.

"ஒண்ணும் தெரியல. ஒரே வெள்ளை."

அவர் என் கையைத் தடவிப் பிடித்துக்கொண்டார். "அப்போ கண்ணு நல்லா இருந்திருந்தாலும் இன்னைக்கு இதான் தெரிஞ்சிருக்கும், என்ன?"

"இதான்."

"அப்போ எனக்கு ஒண்ணும் கொறையல" என்றார்.

நான் பையிலிருந்து நாழியை எடுத்துச் சத்தம் வந்த பக்கம் பைய நகர்ந்து போய், குனிந்து மொண்டேன். நிறைய வந்தது. அவர் கையில் கொடுத்தேன். விளிம்பைத் தடவிப் பார்த்துவிட்டு, முழு நாழித் தண்ணீரையும் ஒரே மூச்சில் குடித்தார்.

லீவு முடிந்து பள்ளிக்கூடம் திறக்கிற அன்று, காலையிலேயே அப்பாத்துரை வந்துவிட்டார். காப்பி டம்ளரைக் கையில் வாங்கியதும் முதல் கேள்வி.

"என்ன வே, பாத்தீரா?"

நான் கதவோரம் நின்றேன். இவர், அப்பாத்துரையின் குரல் வந்த பக்கம் முகத்தைத் திருப்பினார்.

"பாக்கல வே," என்றார். "குடிச்சேன்."