கூடக் கேட்டவர்களுக்குப் போன வேலை

மதியம் இரண்டரை மணிக்கு நார்வேயிலிருந்து வந்த வீடியோ அழைப்பு ஒன்பது நிமிடத்தில் முடிந்துவிட்டது. ஷீபா மடிக்கணினியை மூடினாள். கண்ணாடித் தடுப்புக்கு வெளியே, கீரனூர் அலுவலகத்தின் நாற்பத்திரண்டு பேரும் ஒன்றும் தெரியாமல் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த நாட்டு மருத்துவமனைகளில் நோயாளிகளுக்கு நாளும் நேரமும் ஒதுக்குகிற மென்பொருளைச் சோதித்துப் பார்த்துத் தருவது ஆறு வருடமாக இவர்கள் வேலை. ஆவூரிலிருந்து பஸ்ஸில் வந்து டெஸ்டராகச் சேர்ந்த ஷீபா இப்போது டீம் லீட். ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கத்தான் கூப்பிடுகிறார்கள் என்று நல்ல சேலை கட்டி வந்திருந்தாள். அடுத்த மாதத்தோடு வேலை இலங்கைக்குப் போகிறது என்று சொல்லிவிட்டார்கள்.

முதலாளி உடையப்பன் கேட்டுவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"ரேட்ட அடிமட்டத்துக்குக் கொறச்சிருப்பாங்க. நாமளும் பத்து பர்சன்ட் கொறச்சுப் பாப்போம், ஷீபா."

"இல்ல சார். அவுங்க நம்மளவிட கூடத்தான் கேட்டிருக்காங்க. அந்த நார்வே மேடமே சொன்னாங்க."

"கூடவா?"

சென்னையில் இருபது வருடம் வேலை பார்த்துவிட்டு, ஊர்ப்பக்கம் செலவு குறைவு என்ற ஒன்றை மட்டும் நம்பி இந்த அலுவலகத்தைத் திறந்தவர் அவர். நம்மைவிடச் சின்ன நாடு, நம்மைவிட அதிக விலை. அப்படியும் எப்படி ஜெயித்தார்கள்? இரண்டு பேருக்கும் பிடிபடவில்லை.

வேலையை ஒப்படைக்கும் கூட்டம் மறுநாள் காலை நடந்தது. திரையில் வந்த இலங்கைப் பெண், ஷீபாவின் ஆங்கிலத்தைக் கொஞ்சநேரம் கேட்டுவிட்டுச் சிரித்தாள்.

"நீங்கள் தமிழோ? நான் நிரோஷினி. யாழ்ப்பாணத்திலயிருந்து கதைக்கிறன்."

ஷீபாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது. கட்டுமாவடிக் கரையில் நின்றால் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஊர்! மனசு கேட்காமல் கேட்டே விட்டாள்.

"தப்பா நெனைக்காதீங்க. இந்த வேல எப்படி ஒங்களுக்குக் கெடச்சது?"

"ஒரு மாசம் சோதிக்கத் தந்தவை. நாங்கள் பதினாலு பிழை கண்டுபிடிச்சு எழுதினனாங்கள். அதில ஒண்டு பெரிசு. ஒரே பேர், ஒரே பிறந்த திகதியில ரெண்டு பேர் இருந்தா, ஒராளின்ர நேரம் மற்றாளுக்குப் போயிடும். அதால ஒரு மனுசிக்குப் புற்றுநோய் சிகிச்சை நாலு மாசம் பிந்திப்போச்சுதாம். உங்களுக்குத் தெரியாதோ?"

தெரியும். இரண்டு வருடத்துக்கு முன்னால் அந்தப் பிழையை முதலில் பார்த்தவள் இதே அலுவலகத்தின் ரம்யா. ஷீபாதான் அதை உடையப்பனிடம் கொண்டுபோனாள். "கிளையன்ட் கேக்காதத நாமளா போய் ஏன் சொல்லணும்? இத்தன நாள் ஏன் பாக்கலன்னு நம்ம தலையிலதான் விடியும்," என்றார் அவர். ஷீபாவும் பிழைப் பட்டியலில் அதற்கு எதிரே 'சரிசெய்யப்பட்டது' என்று தன் கையாலேயே பதிந்து மூடினாள்.

"அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"இருக்கிறா. சிகிச்சை நடக்குது. அதுக்கு மேல எனக்குத் தெரியேல்ல."

ஷீபா நேரே உடையப்பன் அறைக்குப் போனாள். சொல்லச் சொல்ல அவர் முகம் வெளுத்தது.

"நமக்குத் தெரிஞ்ச எல்லாத் தப்பையும் இன்னைக்கே நார்வேக்கு எழுதி அனுப்பப் போறேன் சார்."

"கேஸ் போட்டாங்கன்னா?"

"போடட்டும் சார். நாம மறைச்சதுல இன்னும் யார் யார் மாட்டியிருக்காங்களோ."

அவர் தடுக்கவில்லை. மூடிவைத்த பதினொரு பிழைகளையும், மூடியவள் தான்தான் என்பதையும் எழுதி அனுப்பினாள். மூன்றாம் நாள் பதில் வந்தது: "நன்றி. இதில் மூன்று, புதியவர்கள் கண்ணிலும் படாதவை. விசாரணையில் உங்களையும் கேட்க வேண்டியிருக்கும்."

வேலை திரும்பி வரவில்லை. முப்பது பேரை அனுப்ப வேண்டியதாயிற்று. ரம்யாவும் அதில் ஒருத்தி. அவளிடம் மட்டும் ஷீபா தனியாக உட்கார்ந்து நடந்ததை எல்லாம் சொன்னாள்.

ரம்யா பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

"சரி பண்ணிட்டாங்கன்னு சொன்னீங்களேக்கா," என்றாள். "நான் நம்புனேன்."