இருபத்தைந்தாம் தேதியின் நிறம்

அச்சகத்தில் அவருக்குப் பெயர் ‘திருத்தம்’. சம்பளப் பட்டியலில் வேறு ஏதோ பெயர் இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால் அவரே திரும்பிப் பார்ப்பாரா என்பது சந்தேகம். இருபத்திரண்டு வருடமாக மெய்ப்புப் பார்க்கிறார். கல்யாணப் பத்திரிகையானாலும் மாத்திரை டப்பாவின் லேபிளானாலும் அவருடைய சிவப்புப் பேனா படாமல் மெஷினுக்குப் போகாது. இந்தப் பழக்கம் வேலையோடு நின்றிருந்தால் யாருக்கும் தொந்தரவில்லை. சர்ச்சில் பாட்டுத்தாளைக் கொடுத்தால் பாடமாட்டார், திருத்துவார். போதகர் ஒருமுறை பிரசங்கத்தில் வசன எண்ணை மாற்றிச் சொல்லிவிட, ஆராதனை முடிந்து கைகுலுக்கும் சாக்கில் அவர் உள்ளங்கையில் ஒரு துண்டுச் சீட்டை வைத்துவிட்டு வந்த புண்ணியவான் இவர்.

இப்படிப்பட்டவர் கையில் மூன்று வருடத்துக்கு முன்னால் ஒரு சின்னப் புத்தகம் சிக்கியது. யாரோ அச்சடிக்கக் கொடுத்துவிட்டு வாங்க வராமலே போன பதினாறு பக்கம். முதலில் அதிலிருந்த எண்பத்து மூன்று எழுத்துப் பிழைகளையும் திருத்தினார். பிறகுதான் விஷயத்தைப் படித்தார். டிசம்பர் இருபத்தைந்து ஆதியில் சூரியனைக் கும்பிட்டவர்களின் திருநாளாம். மரம் வைத்து ஜோடிப்பது காட்டைக் கும்பிட்டவர்களின் வழக்கமாம். வேதத்தில் அந்தத் தேதியே கிடையாதாம். கடைசி விஷயத்தை மட்டும் வேதத்தைப் புரட்டிச் சரிபார்த்தார். வாஸ்தவம்தான், தேதி இல்லை. ஆதாரம் இல்லாத தேதியை ஒரு மெய்ப்பாளர் எப்படி விட்டுவைப்பார்?

அன்று சாயங்காலமே வீட்டில் அறிவித்துவிட்டார். “இனிமே நம்ம வீட்டுல கிறிஸ்துமஸ் கிடையாது. அது புறஜாதிப் பண்டிகை, சூரியனைக் கும்பிட்டவங்களோடது.”

அவர் மனைவி பெரிய ஆஸ்பத்திரியில் நர்ஸ். எலும்பு முறிவு வார்டில் காலையிலிருந்து நின்ற கால்களை நாற்காலியில் தூக்கி வைத்திருந்தாள்.

“சரிங்க,” என்றாள். “கல்யாண மோதிரமும் அவங்ககிட்ட இருந்து வந்ததுன்னு எங்கயோ படிச்சேன். கழட்டிக் குடுங்க, பத்திரமா வெக்கிறேன்.”

“அது வேற.”

“ஞாயித்துக்கிழமை? ஞாயிறுன்னா சூரியன்தானே? வாராவாரம் சூரியனோட நாள் பார்த்து சர்ச்சுக்குப் போறீங்களே, அது?”

“எல்லாத்துலயும் உனக்கு விளையாட்டு.”

“திங்களுக்கு மாத்தினாலும் நிலா வந்து நிக்குது, செவ்வாய்க்கு மாத்தினாலும் கிரகம் வந்து நிக்குது. பாவம், உங்களுக்குப் போக்கிடமே இல்ல.”

அவர் எழுந்து போய்விட்டார். அவளும் அதற்கு மேல் வம்புக்கு இழுக்கவில்லை. அந்த வருடம் வீட்டில் நட்சத்திரமும் தொங்கவில்லை, மரமும் நிற்கவில்லை. அட்டைப்பெட்டியோடு எல்லாம் பரணுக்குப் போயிற்று.

இங்கே ஒரு உண்மையைப் போட்டு உடைத்துவிட வேண்டியதுதான். அந்தச் சின்னப் புத்தகம் கிடைக்குமுன்பே அவருக்கு அந்த நாளோடு ஆகாது. கல்யாணமான நாளிலிருந்து ஒரு கிறிஸ்துமஸுக்காவது மனைவி வீட்டில் இருந்ததில்லை. ஆஸ்பத்திரியில் விடுமுறை நாளுக்குப் பாதிப் பேர்தான் வீட்டில் இருக்கலாம். யார் என்று பேசும்போதெல்லாம், சின்னக் குழந்தை வைத்திருக்கிறவள் முகத்தைப் பார்த்து இவள் விட்டுக்கொடுத்து விடுவாள். இவர்களுக்குக் குழந்தை இல்லை. ஆகவே கேட்பவர்களுக்கும் சுலபம், கொடுப்பவளுக்கும் மறுத்துச் சொல்லக் காரணம் இல்லை. அவர் சர்ச்சில் தனியாக உட்கார்ந்து, பக்கத்தில் காலியான இடத்தில் குடையை வைத்துக்கொள்வார். வீட்டுக்கு வந்து ஒற்றைத் தட்டைக் கழுவிக் கவிழ்ப்பார். வருத்தம் என்று ஒருநாளும் வாயைத் திறந்து சொன்னதில்லை. பதினோரு வருடம் இப்படிப் போன பிறகு, அந்த நாளே தப்பு என்று பதினாறு பக்கத்தில் ஒருவன் எழுதிக் கொடுத்தால் யாருக்குத்தான் இனிக்காது?

அத்தோடு போயிருந்தால் கதை இல்லை. போன வருடம் அதே ஆஸ்பத்திரியின் மாதக் காலண்டர் அச்சுக்கு வந்தது. அறுபது பிரதி. டிசம்பர் தாளைப் பார்க்கும்போது திருத்தத்தின் பேனா இருபத்தைந்தின் மேல் நின்றது. விடுமுறைச் சிவப்பில் இருந்த எண்ணைச் சுற்றி ஒரு வட்டம் போட்டு, ஓரத்தில் ‘கறுப்பு’ என்று எழுதினார். ஆஸ்பத்திரி எந்த நாளும் மூடுவதில்லை, யாருக்கு என்ன நஷ்டம் என்று தன்னையே சமாதானம் செய்துகொண்டார். சரிபார்ப்பவரைச் சரிபார்க்க அந்த அச்சகத்தில் ஆள் கிடையாது. காலண்டர் போயிற்று, சுவரில் ஏறிற்று, அவரும் மறந்துவிட்டார்.

இந்த டிசம்பர் இரண்டாம் வாரம் மனைவி வேலையிலிருந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.

“இந்தத் தடவை யாருக்கும் விட்டுக்கொடுக்கக் கூடாதுன்னு, இருபத்தஞ்சாம் தேதிக்கு லீவு எழுதிக் குடுத்திருந்தேங்க. கிளார்க் திருப்பி அனுப்பிட்டார்.”

“ஏன்?”

“காலண்டர்ல அன்னைக்கு கறுப்பாம். கறுப்புன்னா வேலை நாளாம். யாருக்கும் லீவு கிடையாதுன்னு லிஸ்ட் ஒட்டிட்டார்.” அந்தக் கிளார்க்கை ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் தெரியும். அச்சில் வந்தது அவருக்கு வேதவாக்கு. வெளியே மழை கொட்டினாலும் காலண்டரில் கோடைக்காலம் என்று இருந்தால் குடை எடுக்கமாட்டார்.

“உங்க மெஷின்காரர் தூங்கி வழிஞ்சிருப்பார். இல்ல, சிவப்பு மையை மிச்சம் பிடிச்சாரோ என்னவோ. நாளைக்கு ஆஸ்பத்திரியில இருந்து கம்ப்ளெயின்ட் வரும் பாருங்க. வரட்டும், நல்லா வேணும் அந்த ஆளுக்கு.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த திருத்தம், பிசைந்த சோற்றையே மறுபடி பிசைந்தார். மெஷின்காரர் பாவம், ஒரு வாயில்லாப் பூச்சி. பேசாமல் இருந்துவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது என்னவோ நிஜம். பிறகு தட்டைத் தள்ளி வைத்தார்.

“அவர் இல்ல. நான்தான்.”

“எது நீங்க?”

“நான்தான் கறுப்பு போடச் சொன்னேன்.”

அவள் சிரிப்பாள் என்று எதிர்பார்த்தார். மூன்று வருடமாக இந்த விஷயத்தில் அவள் சிரித்துக்கொண்டுதானே இருக்கிறாள். அவள் சிரிக்கவில்லை.

“உங்க கொள்கையை வீட்டோட வெச்சிருந்தீங்க, நானும் கேலி பண்ணிட்டு விட்டேன். இப்போ என் லீவுல கொண்டாந்து வெச்சிட்டீங்களே.”

“நீ லீவு கேட்டிருக்கேன்னு எனக்கு எப்படித் தெரியும்? நமக்குத்தான் அந்தப் பண்டிகையே இல்லையே.”

“பண்டிகை யாருங்க கேட்டா? மரம் வேண்டாம், நட்சத்திரம் வேண்டாம், ஒண்ணும் வேண்டாம். அன்னைக்கு ஒருநாள் உங்க பக்கத்துல உக்காரணும்னு நினைச்சேன். அதுக்கும் புறஜாதி வேர் இருக்கா, அந்தப் புஸ்தகத்துல பார்த்துச் சொல்லுங்க.”

அவள் உள்ளே போய்விட்டாள். திருத்தம் அந்த வாக்கியத்தில் ஏதாவது பிழை இருக்கிறதா என்று மனத்துக்குள் தேடிப் பார்த்தார். ஒன்றும் அகப்படவில்லை.

மறுநாள் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குப் போய்க் கிளார்க் முன்னால் நின்றார். இருபத்திரண்டு வருடத்தில் தன் பிழை என்று ஒன்றை அவர் ஒப்புக்கொண்டதில்லை. ஆகையால் சொல்லத் தெரியாமல் நாலு தரம் கனைத்தார். கிளார்க் கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

“சார், வாயால சொன்னா எனக்குச் செல்லாது. சுவர்ல இருக்கிறது மாறட்டும், லிஸ்ட்டை மாத்தறேன். ஒரு சுவர் விடாம மாறணும்.”

“எத்தனை சுவர்?”

“நாப்பத்தேழு.”

அச்சகத்துக்குத் திரும்பி, ஒட்டுச்சீட்டு அடிக்கச் சொன்னார். தபால்தலை அளவு தாளில் சிவப்பு மையில் ‘25’. மெஷின்காரர் விவரம் கேட்டு, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

“அண்ணே, மூணு வருஷமா அந்த நாளை ஒழிக்கப் பார்த்தீங்க. இப்போ நீங்களே நாப்பத்தேழு கிறிஸ்துமஸ் ஆர்டர் குடுக்கறீங்க.”

“பேசாம அடிங்க. ரெண்டுக்கும் அஞ்சுக்கும் நடுவுல இடைவெளி சரியா இருக்கட்டும்.”

பசை டப்பாவும் சீட்டுக் கட்டுமாக அவர் வார்டு வார்டாக ஏறி இறங்கியதை அந்த ஆஸ்பத்திரி நாலு நாளாவது பேசியிருக்கும். பின்னாலேயே கிளார்க், ஒவ்வொரு சுவருக்கும் ஒரு டிக் போட்டுக்கொண்டு. லிஸ்ட் மாறப்போகிற சேதி அதற்குள் பரவிவிட்டதால், போகிற இடமெல்லாம் அவருக்கு ஏக உபசாரம். எக்ஸ்ரே அறையில் ஒருவர் கையைப் பிடித்து, “கிறிஸ்துமஸ் வாழ்த்துக்கள் சார்!” என்றார். “உண்மையில் அந்தத் தேதிக்கு வேதத்துல ஆதாரம்...” என்று இவர் தொடங்குவதற்குள் வாழ்த்தியவர் அடுத்த எக்ஸ்ரேக்குப் போய்விட்டார். குழந்தைகள் வார்டில் ஒரு நர்ஸ், வீட்டில் இரண்டு பிள்ளைகள் காத்திருப்பதாகச் சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவளிடம் ஆதாரம் பேச அவருக்கு வாய் வரவில்லை. பசையைத்தான் கொஞ்சம் தாராளமாகத் தடவினார்.

நாற்பத்தேழாவது சுவர் எலும்பு முறிவு வார்டில். மனைவி அங்கே ஒரு நோயாளியின் மாவுக்கட்டைச் சரிபார்த்துக்கொண்டிருந்தாள். நேற்று ராத்திரிக்குப் பிறகு இருவருக்கும் பேச்சில்லை. காலண்டர் உயரத்தில் மாட்டியிருந்தது. அவர் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினார். அது ஆடியது. அவள் வந்து ஸ்டூலைப் பிடித்துக்கொண்டாள்.

கால்கட்டோடு படுத்திருந்த அம்மாளுக்குப் பொழுது போகவில்லை போலிருக்கிறது. “ஏன் சார்,” என்றாள், “இவ்வளவு மெனக்கெட்டு சிவப்பு ஒட்டறீங்களே, அன்னைக்கு அப்படி என்ன விசேஷம்?”

கேட்கக்கூடாத ஆளிடம் கேட்டுவிட்டாள். சூரியன், காடு, பழைய சாம்ராஜ்யம், பதினாறு பக்கமும் அவர் நாக்கு நுனியில் இருந்தது. கிளார்க் டிக் போடுவதை நிறுத்திவிட்டுப் பயத்தோடு நிமிர்ந்து பார்த்தார். திருத்தம் சீட்டின் பின்புறம் பசை தடவி, நேர் பார்த்து, கறுப்பு இருபத்தைந்தின் மேல் வைத்தார்.

“தேதி தப்புத்தாம்மா,” என்றார். “ஆனா அன்னைக்கு என் வீட்டுக்காரி வீட்டுல இருப்பா. பதினாலு வருஷமா இருந்ததில்ல. எனக்கு ரொம்பக் கஷ்டமா இருந்துச்சு.”

சொல்லிவிட்டுக் கீழே பார்க்கத் துணியாமல் காலண்டரையே பார்த்துக்கொண்டு நின்றார். கிளார்க் கடைசி டிக்கைப் போட்டுவிட்டு, புது லிஸ்ட் எழுதப் போய்விட்டார்.

“ஒரு மூலை தூக்கிட்டு இருக்குங்க,” என்றாள் அவள். குரல் சரியாக வரவில்லை. “நல்லா அழுத்துங்க.”

மூலை எதுவும் தூக்கிக்கொண்டு இருக்கவில்லை. அது அவருக்குத் தெரியாதா? ஆனாலும் கட்டைவிரலை வைத்து, அவள் போதும் என்கிற வரைக்கும் அழுத்திக்கொண்டே நின்றார்.