மஞ்சள் கால்

எதிர் வேப்பமரத்துக்கு மூன்று குளிர்காலமாக வரும் ஈப்பிடிப்பான் குருவிக்குக் கால் கறுப்பு என்றார் பக்கத்து ஃபிளாட் விஜயராகவன். நான் மஞ்சள் என்றேன். கறுப்பென்றால் சாதாரண இனம். மஞ்சளென்றால் அடையாறு பக்கம் அபூர்வம். மற்றபடி இரண்டும் ஒரே பழுப்புதான். இலைகள் காலைக் காட்டவே இல்லை. பிடிவாதக்கார மனிதர். அவர் மூக்கை உடைக்கவேண்டும் என்றே, நன்றாகப் பார்ப்பதற்காகப் பால்கனியில் கம்பிவலையைப் பிடுங்கிவிட்டு முழுக் கண்ணாடி போட்டேன்.

இன்று காலை அதில் ஏதோ மோதும் சத்தம் கேட்டு இறங்கி ஓடினேன். குருவி வாசலில் செத்துக் கிடந்தது. கையில் எடுத்தேன்; இரண்டு கால்களும் நல்ல மஞ்சள்.

"நீங்க சொன்னதுதான் கரெக்ட், அதீபா," என்றார் விஜயராகவன், பின்னால் வந்து.

நிமிர்ந்து பார்த்தேன். என் பால்கனிக் கண்ணாடியில் அந்த வேப்பமரம், இலை இலையாக, நிஜ மரம் போலவே நின்றது.