சுறாப்புட்டு சுந்தரியைப் பாடியவன்

கடலூர் முதுநகரில் எங்கள் பங்குக் கோயில் பாடகர் குழுவில் நான் சேர்ந்ததும், மைக்கைக் கொஞ்சம் தள்ளி வைக்கச் சொன்னார் ஃபாதர். குரல் அவ்வளவு கம்பீரம் என்று எடுத்துக்கொண்டேன். அப்படி எடுத்துக்கொள்வதில் எனக்கு நிகர் நான்தான்.

அந்தத் தெம்பில் 'சுறாப்புட்டு சுந்தரி' என்று ஒரு குத்துப்பாட்டை எழுதி, மெட்டும் போட்டு, சிதம்பரத்தில் ஸ்ரீதரின் ஸ்டுடியோவுக்குப் போனேன். அன்றைக்கென்று பார்த்துத் தொண்டை கட்டிக்கொண்டது. இப்போதைக்கு வேறு யாராவது பாடி வைக்கட்டும், அப்புறம் அதை எடுத்துவிட்டு உங்கள் குரலைச் சேர்க்கலாம் என்றார் ஸ்ரீதர். கூட வந்திருந்த என் மனைவியின் தம்பி ஜெனித் மைக் முன்னால் போய் நின்றான். வீட்டு விசேஷங்களில் என்னைப் போலவே பாடிக் காட்டிச் சிரிக்க வைப்பது அவனுக்குக் கைவந்த கலை. அன்றும் அதையே செய்தான். மூக்கால் பாடினான். ஒவ்வொரு வரி முடிவிலும் அழுவதுபோல ஒரு விக்கல் வைத்தான். ஸ்ரீதர் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். நானும் பெருந்தன்மையாகச் சிரித்து வைத்தேன்.

தொண்டை சரியானதும் போய் உருகி உருகிப் பாடிக் கொடுத்தேன். பாட்டு யூடியூபில் வந்தது. கேட்டதும் கண் கலங்கிவிட்டது. 'டோனி, எங்கேயடா ஒளித்து வைத்திருந்தாய் இந்தக் குரலை' என்று என்னையே கேட்டுக்கொண்டேன். ஷேர் ஆட்டோ, பிச்சாவரம் படகுத்துறை, மஞ்சள் நீராட்டு விழா, எங்கே போனாலும் சுந்தரிதான்.

சிதம்பரத்தில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் பாடக் கூப்பிட்டார்கள். என் மனைவி நித்யா மேரி ஒருநாளும் என் பாட்டைப் பாராட்டியதில்லை. இன்றைக்காவது அவள் வாயால் நல்ல பாடகன் என்று கேட்டுவிட வேண்டும். அவளை முதல் வரிசையில் உட்காரவைத்துவிட்டு மேடையேறினேன்.

முதல் வரியில் ஆட எழுந்தவர்கள் அப்படியே நின்றார்கள். அடுத்த வரியில் ஐஸ்கிரீம் பக்கம் நகர்ந்தார்கள். மாப்பிள்ளையின் நண்பன் ஒருவன் கத்தினான்.

"யோவ், நெஜமா பாடுனவர கூப்புடுங்கய்யா!"

சவுண்ட் பார்த்துக்கொண்டிருந்த ஸ்ரீதர் ஓடி வந்து என் காதில் சொன்னார்.

"சார், கோச்சுக்காதீங்க. மாத்தி ஏத்திட்டேன். வெளிய வந்தது உங்க மச்சான் பாடுனது. நீங்க ரொம்ப சந்தோஷமா இருந்தீங்களா, சொல்ல வேணாம்னு அவரும் சொல்லிட்டாரு."

ஊரே ஆடியது என்னைப் பண்ணிய கிண்டலுக்கு. அதைக் கேட்டுக் கண் கலங்கியவனும் நானேதான். மேடையோரம் நின்ற ஜெனித்திடம் மைக்கை நீட்டினேன். அவன் பின்வாங்கினான்.

"ஐயோ, வேணாம் மாமா. அக்கா வேற பாக்குது. நீங்களே பாடுங்க, நான் சொல்லித் தர்றேன். ஃபர்ஸ்ட்டு மூக்கால எடுங்க."

மூக்கால் எடுத்தேன். வரி முடிவில் விக்கலும் வைத்தேன். ஐஸ்கிரீம் கப்போடு ரெண்டு பேர் திரும்பி வந்தார்கள். நித்யா மேரி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். ஜெனித் கீழே நின்று கையை வீசிக் கத்தினான்.

"பத்தல மாமா! இன்னும் கொஞ்சம் உங்கள மாதிரியே பாடுங்க!"