ஆமெனுக்கு முன்னால்

லிஃப்ட் மெக்கானிக்குக்கு முப்பத்தோரு வருடமாக ஜெபத்தில் ஒரே வேலைதான்: கடைசியில் ஆமென் சொல்வது. சாப்பாட்டு மேசையில் மனைவி கண்ணை மூடி ஒவ்வொன்றாக நன்றி சொல்லிக்கொண்டு போவாள். குழாயில் தண்ணீர் வந்ததற்கு, கீழ்வீட்டுக்காரருக்கு இருமல் தணிந்ததற்கு. அவர் குழம்பு வாசனையைப் பிடித்தபடி, அவள் குரல் இறங்கும் இடம் பார்த்து ஆமென் போடுவார். அக்கா கடிதம் எழுதுவாள், அத்தான் ஸ்டாம்ப் ஒட்டுவார் என்று மச்சினி கேலி செய்வாள்.

மனைவி போய்ச் சேர்ந்து நான்கு மாதம். அவர் மேசைப் பக்கம் போகவில்லை. உட்கார்ந்தால் ஜெபம் பண்ண வேண்டும். பண்ணாமல் வாயில் வைக்கக் கை வரவில்லை. அடுப்படியில் நின்றபடி, பாத்திரத்திலிருந்தே நாலு வாய். நின்று தின்றால் அது சாப்பாட்டில் சேராது என்று தனக்குத்தானே ஒரு சட்டம். பெல்ட் இரண்டு துளை உள்ளே போயிற்று.

ஞாயிறு மதியம் மச்சினி போனில் பிடித்துக்கொண்டாள். அவள் சுற்றி வளைத்துக் கேட்டதில் விஷயம் வெளியே வந்துவிட்டது. உட்கார்ந்து எதற்கு நன்றி சொல்ல என்று கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. அந்தப் பக்கம் மச்சினி மூக்கை உறிஞ்சினாள்.

"எனக்கும்தான் தெரியல அத்தான்."

"எனக்கு ஆமென் மட்டும்தான் வரும்."

"அப்ப அங்கேயிருந்து பின்னாடி போங்க. ஆமெனுக்கு முன்னாடி அக்கா என்ன சொல்லுவா?"

அவருக்கு நினைவில்லை. போனை வைத்துவிட்டு மேசையைத் துடைத்தார். தட்டில் சோறு போட்டு, உட்கார்ந்து, கண்ணை மூடினார்.

"ஆமென்."

அதற்கு முன்னால் இயேசுவின் நாமத்தில். அது ஊருக்கே தெரியும். அதற்கும் முன்னால்? குரல் இறங்குகிற அந்த இடத்தில் தினமும் ஒரே வரிதான் இருந்தது. காதில் விழுந்தும் அவர் கேட்டதில்லை. 'இவரைக் குழியில் விழாமல் வீடு கொண்டுவந்து சேர்த்தீரே, ஸ்தோத்திரம்.'

லிஃப்ட் குழிக்கு மேலே இரும்புக் கயிற்றைப் பிடித்து நிற்கையில் அவர் ஒருநாளும் பயந்ததில்லை. தன் தைரியம் என்றே நினைத்திருந்தார்.

அவள் வரியைச் சொல்ல நா எழவில்லை; அது அவளுடையது. ஆண்டவரிடம் நேராகப் பேசிப் பழக்கமும் இல்லை. வாயைத் திறந்தபோது மேலதிகாரியிடம் பேசுவதுபோலத்தான் வந்தது.

"எடுத்துக்கிட்டதுக்கு நன்றி சொல்ல முடியல சார். குடுத்தீங்க இல்ல, அதுக்குச் சொல்றேன்."

வேறு எதுவும் தோன்றவில்லை. கண்ணைத் திறந்தார். எதிர் நாற்காலி காலியாகத்தான் இருந்தது. பசித்தது. சோற்றைப் பிசைந்து சாப்பிட்டார். வீட்டில் அவர் மெல்லும் சத்தம் தவிர வேறு சத்தமில்லை. எழுந்துபோய் இன்னொரு கரண்டி சோறு போட்டுக்கொண்டு, மறுபடி வந்து உட்கார்ந்தார்.