ஐபு சொல்லி விற்றவர்

வாப்பாவின் வலது கையைத் தூக்கிப் பிடித்து, ஆட்காட்டி விரலில் தண்ணீர் வார்த்துக்கொண்டிருந்தபோதுதான் றினாஸுக்கு அந்தச் சத்தம் கேட்டது. அவன் விற்ற கார்தான் என்று வீதி முனையில் திரும்பும்போதே தெரிந்துவிட்டது. அந்தப் பெரிய புகைக்குழாயைக் கொழும்பெல்லாம் தேடி வாங்கிப் பூட்டியவன் அவனேதான். கல்முனையே திரும்பிப் பார்க்க வேண்டும் என்று அன்றைக்கு ஒரு ஆசை. இன்று அவன் தண்ணீர் வார்ப்பதை நிறுத்திவிட்டான்.

"தண்ணிய ஊத்துங்க மனே," என்றார் வாப்பாவின் உயிரற்ற உடலை, அந்த மையித்தை, குளிப்பாட்டிக்கொண்டிருந்த பள்ளிவாசல் லெவ்வை.

ஊற்றினான். அந்த விரலைப் பசாரில் அறியாதவர் இல்லை. ஆதம்பாவா ஹாஜியார் தன் துணிக்கடையில் ஒரு சாறன் விற்பதென்றால் முதலில் அதை முழுக்க விரிப்பார். தேடித் தேடி எங்கேயாவது இழை விட்ட இடத்தைக் கண்டுபிடித்து, அதில் விரலை வைப்பார். "இஞ்ச பாருங்க, இது ஐபு. பாத்துட்டு எடுங்க." குறையைச் சொல்லி விற்கிற இந்த மனிதர் எப்படித்தான் பிழைக்கப் போகிறார் என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சிரிப்பார்கள். சனம் அவரிடம்தான் வாங்கியது.

அவருடைய மகனுக்கோ கார்ப் பைத்தியம். பழைய ஸ்டார்லட் ஒன்றை எடுத்து, டர்போ எஞ்சின் மாற்றி, ஸ்பிரிங்கை வெட்டி நிலத்தோடு நிலமாக இறக்கி வைத்திருந்தான். போன வருடம் ஒலுவில் பாதையில் வேகமாகப் போய் மதகில் மோதியதில் முன்பக்கச் சட்டம் வளைந்துவிட்டது. கார் கொழும்பில் கூட்டாளியிடம் நிற்கிறது என்று வாப்பாவிடம் புளுகிவிட்டு, நிமிர்த்தி, ஒட்டி, அதன்மேல் கறுப்புப் பெயின்ற் அடித்துவிட்டான். ஆனாலும் வேகத்தில் பிறேக்கை மிதித்தால் கார் இடப்பக்கம் இழுக்கும்.

போன மாதம் அதை விலைக்குப் பார்க்க வந்தவர் சம்மாந்துறை முகம்மது தம்பி, நெல் வியாபாரி. காரைச் சுற்றிச் சுற்றி வந்தவர், கடைசியில் வாப்பாவிடம்தான் கேட்டார்.

"நீங்க சொல்லுங்க ஹாஜியார். ஐபு ஏதும் இரிக்கா?"

வாப்பா திரும்பினார். "இரிக்கா மனே?"

"இல்ல வாப்பா."

"அப்ப இல்ல. எடுங்க தம்பி."

அவ்வளவுதான் பேச்சு. அந்த 'இல்ல' இந்த ஒரு மாதமும் றினாஸை உறுத்தவில்லை என்று சொன்னால் அது இன்னொரு பொய். நாளைக்குச் சொல்வோம், நாளைக்குச் சொல்வோம் என்றே நாளைக் கடத்தினான். இன்று அதிகாலை சுபஹுத் தொழுதுவிட்டு வந்து கதிரையில் சாய்ந்த வாப்பா பிறகு எழும்பவில்லை.

கபன் துணி சுற்றி, சந்தூக்குப் பெட்டியில் வைத்து, முற்றத்துக்குக் கொண்டுவந்தார்கள். "மகன், கேளுங்க," என்றார் லெவ்வை.

றினாஸ் எழுந்து நின்றான். "என்ட வாப்பா ஆருக்காவது ஏதும் பிழை செஞ்சிருந்தா... அல்லாஹ்வுக்காக ஹலாலாக்கி விடுங்க."

"ஹலாலாக்கிட்டம்," என்றது கூட்டம். எல்லோருக்கும் முந்திக்கொண்டு வந்தது முகம்மது தம்பியின் குரல். கண்ணைத் துடைத்துக்கொண்டே பக்கத்திலிருந்தவரிடம் சொன்னார்: "அவர்ட ஒரு சொல்லுக்காகத்தான் அந்தக் கார எடுத்த. பின்னேரம் அசருக்குப் பொறகு பொஞ்சாதிய பொத்துவிலுக்குக் கூட்டிப் போற. ஏழு மாசம் அவக்கு."

பொத்துவில் வரைக்கும் அந்தக் காரிலா என்று றினாஸ் நினைத்தான். எதை மன்னிக்கிறோம் என்றே தெரியாமல் மன்னிக்கிறார் இந்த மனிதர். வாப்பாவும் தான் சொன்னது பொய் என்று தெரியாமலே மண்ணுக்குள் போகப் போகிறார். தெரிந்தவன் அவன் ஒருவன்தான். தன்மேல் அவனுக்கே அருவருப்பாக இருந்தது.

கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய் அவருடைய கையைப் பிடித்தான். "காக்கா, ஒருக்கா வாங்க."

"இப்பயா? தூக்கப் போறாங்களே!"

"தூக்க முந்தித்தான்."

கடப்பு வாசலில் கார் நின்றது. சாவியை வாங்கிக் கதவைத் திறந்தான், முன் மூடியை உயர்த்தினான். குனிந்து, சாவி முனையால் முன்சட்டத்தின் கறுப்புப் பெயின்றைச் சுரண்டினான். ஒட்டின தழும்பு வெள்ளையாகத் தெரிந்தது. அதில் விரலை வைத்தான்.

"இஞ்ச பாருங்க. இது ஐபு. மதகில அடிச்சு ஒட்டினது. பொத்துவிலுக்கு இதில போக வேணாம் காக்கா."

முகம்மது தம்பி குனிந்து அந்தத் தழும்பைத் தடவிப் பார்த்தார்.

"ஹாஜியாருக்குத் தெரியுமா?"

"தெரியா. அவருக்கும் நான் மறைச்ச."

உள்ளே உம்மா வீரிட்டு அழுதாள். சந்தூக்கைத் தூக்க ஆட்கள் குனிந்துவிட்டார்கள். முகம்மது தம்பி சாவியை வாங்கிச் சட்டைப் பையில் போட்டார்.

"ஹாஜியாருக்கு நான் சொன்னது சொன்னதுதான். ஹலால்." இரண்டு எட்டு வைத்தவர் திரும்பினார். "உனக்கு நான் இன்னும் ஒண்டும் சொல்லல்ல தம்பி."

சந்தூக்கின் முன்கால்களில் ஒன்றுக்கு றினாஸ் தோள் கொடுத்தான். மற்றதற்கு அவர் கொடுத்தார். கலிமா ஓதியபடி கூட்டம் அடக்கம் செய்யும் மையவாடிப் பக்கம் நகர்ந்தது. காரின் முன் மூடி திறந்தபடியே கிடந்தது. பின்னால் வந்தவர்கள் ஒவ்வொருவராக நின்று உள்ளே எட்டிப் பார்த்துவிட்டு நடந்தார்கள்.

அதை மூடிவிடச் சொல்லி றினாஸ் ஒருவரிடமும் சொல்லவில்லை.