கேரியரில் ஒரு அப்பன்

என் மகள் ஓட்டுகிற சைக்கிளின் கேரியரில் நான் மூட்டை மாதிரி உட்கார்ந்து போவதை மூன்று வாரமாக இந்தத் தெருவே வேடிக்கை பார்க்கிறது. எனக்கு அறுபத்தெட்டு வயது. அவளுக்கு இருபத்தேழு. அடுத்த மாதம் சைக்கிள் பந்தயத்துக்கு ஆள் எடுக்கிறார்களாம். பாரம் ஏற்றி மேடு ஏறிப் பழகினால், பாரம் இல்லாதபோது பறக்கலாம் என்று அவளுடைய கோச் சொல்லிவிட்டான். கழுத்தில் விசில் தொங்கவிட்ட எவனையும் நான் நம்புவதில்லை. முதலில் மணல் மூட்டை கட்டினாள். அது பிய்ந்து தெருவெல்லாம் மணல். தண்ணீர்க் கேன் கட்டினாள். திருப்பத்தில் அது சாய, இவளும் சாய்ந்தாள். கடைசியில் வீட்டில் சும்மா கிடக்கிற பாரம் எது என்று பார்த்திருக்கிறாள். நான் இருந்தேன்.

கம்பி கேரியர். துணியை மடித்துப் போட்டும் உட்காரும் இடம் கன்றிப்போனது. பேக்கரிக்காரன் வேறு தினமும் ஒரே கேள்வி: "பெரியவரே, இன்னிக்கு லோடு எங்க எறங்குது?" பல்லைக் கடித்துக்கொண்டு போனேன்.

நேற்று தண்ணீர்த் தொட்டி மேட்டில் பாதி ஏறியதும் பிரேக்கைப் பிடித்தாள்.

"அப்பா, நீங்க குறைஞ்சிருக்கீங்க."

"டயருக்குக் காத்து அடிச்சிருப்பே. அதான் லேசா போகுது."

"டயர் இல்ல. ஆளு."

இதற்கு மேல் எங்கே வாயாடுவது? நாற்பது வருஷம் குடோனில் மூட்டை தூக்கினவன் நான். தராசு ஐம்பது என்று காட்டினாலும், தோளில் வாங்கியதும் நாற்பத்தெட்டுதான் என்று சண்டை பிடித்திருக்கிறேன். மெஷின் புளுகும், உடம்பு புளுகாது என்று அவள் காதில் ஓதி வளர்த்ததும் நான்தான். இப்போது அவள் கால் சொல்கிறது.

எனக்குத் தெரியாமலா இருக்கும்? இரண்டு மாதமாகச் சாப்பாடு தொண்டையோடு நின்றுவிடுகிறது. பெல்ட்டில் ஆணி வைத்துப் புதிதாக இரண்டு ஓட்டை போட்டிருக்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரிக்குப் போக மாட்டேன். என் அண்ணன் வயிற்று வலி என்று அங்கே நடந்துதான் போனார். திரும்பும்போது நாலு பேர் தூக்கி வந்தோம்.

அதனால் இன்று காலை பேண்ட் பாக்கெட் இரண்டிலும் கற்களைப் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்தேன். முதல் பள்ளத்திலேயே கடகடவென்று சத்தம். அவள் திரும்பிப் பார்க்கவில்லை. அதுதான் எரிச்சல், கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். மேடு ஏறி முடித்ததும் வலது பக்கம் மைதானத்துக்குத் திரும்புவதுதான் வழக்கம். இடது பக்கம் ஒடித்தாள். அந்த ரோடு நேராக ஆஸ்பத்திரி வாசலில் போய்த்தான் முடியும்.

"ஏய், கோச் காத்துக்கிட்டு இருப்பான்."

"இருக்கட்டும்."

"நிறுத்து. நான் எறங்கணும்."

"கல்லை வேணா எறக்குங்க."

வந்த கோபத்தில் இரண்டு காலையும் தொங்கவிட்டுத் தரையில் ஊன்றினேன். செருப்பு தார் ரோட்டில் கிறீச்சென்று உரசியது. ஒன்று கழன்று பின்னால் போயிற்று. வெறுங்காலையும் எடுக்கவில்லை. வண்டி தள்ளாடியது. அவள் சீட்டை விட்டு எழுந்து நின்று மிதித்தாள். வேர்வையில் சட்டை முதுகோடு ஒட்டிக்கிடந்தது. வண்டி நகர்ந்துகொண்டேதான் இருந்தது.